அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால்: எத்தியோப்பியச் சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும், பிராந்தியச் சுகாதாரப் பணியகங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவச்சிப் படிப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவள் நான். இந்த மடலின் ஆங்கில வடிவம் தபாலில் உங்களுக்கு வரும். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்த தமிழர்கள் நிறையப் பேர். அவர்களிடம் படித்த பிள்ளைகள் இன்று உங்கள் சுகாதார நிலையங்களில் பொறுப்பில் இருக்கிறார்கள். இதைப் படிக்கும் ஆசிரியர் ஒருவர் தன் பழைய மாணவரிடம் இதைப் பற்றிப் பேசினாலும் எனக்கு லாபம்தான்.

குறை சொல்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்து காட்டியதைப் பல பணக்கார நாடுகள்கூட அந்த வேகத்தில் செய்ததில்லை. 2000-இல் உங்கள் நாட்டில் லட்சம் பிரசவங்களுக்கு 871 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 2016 கணக்கெடுப்பில் அது 412. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டில் 2020-இல் 267. மருத்துவ நிலையத்தில் நடக்கும் பிரசவம் 2005-இல் நூற்றுக்கு ஐந்து, 2019-இல் 48. பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு ஒரு வருடம் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு கெபெலேயிலும் (உங்கள் நிர்வாகத்தின் மிகச் சிறிய பிரிவு) இரண்டு பேரைச் சுகாதாரப் பணியாளர்களாகச் சம்பளத்துக்கு வைத்த 2003-ஆம் ஆண்டுத் திட்டம்தான் இதற்கெல்லாம் அடித்தளம். பிரசவத்துக்கு வரும் பெண்களுக்காக நிலையத்திலேயே கென்ஃபோ கஞ்சி கிண்டி, காபிச் சடங்கும் நடத்தினீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்த காரியம். வீட்டில் கிடைப்பது நிலையத்திலும் கிடைத்தால் பெண்கள் வருவார்கள் என்று யோசித்த அந்த அதிகாரி யாரென்று தெரிந்தால் கை குலுக்கியிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் திட்டம் முழுவதும் கர்ப்பத்தில் தொடங்கிப் பிரசவத்தில் முடிகிறது. ஆபத்தோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு கர்ப்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் மாதங்களில், யாரும் அந்தப் பெண்ணைக் கவனிக்காத மாதங்களில் அது முடிவாகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

ஆபத்தான நான்கு நிலைகளையும் உங்கள் பணியாளர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: 18 வயது நிறைவதற்கு முன் பிள்ளை பெறுவது, 34 தாண்டிப் பெறுவது, இரண்டு வருட இடைவெளிகூட விடாமல் பெறுவது, மூன்றுக்கு மேல் பெறுவது. சுவரொட்டியில் இவை தனித்தனிப் படங்களாக இருக்கும். உடம்புக்குள் அப்படித் தனித்தனியாக இருப்பதில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் இடுப்பெலும்பு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. குழந்தையின் தலை இறங்காமல் நாள் கணக்கில் வலியெடுக்கும். அதில் பிழைத்தாலும் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழுந்து, சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட பெண்களுக்காகத்தான் கேத்தரின் ஹாம்லினும் அவர் கணவரும் 1974-இல் அடிஸ் அபாபாவில் ஃபிஸ்டுலா மருத்துவமனையைக் கட்டினார்கள். அந்தப் பெண்ணே பதினெட்டு மாதத்தில் மறுபடியும் கர்ப்பமானால், முந்தைய பிரசவத்தில் இழந்த இரும்புச்சத்து உடம்பில் திரும்பச் சேர்ந்திருக்காது. கைக்குழந்தை இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்கும். வீட்டு வேலையும் தண்ணீர் சுமப்பதும் எப்போதும் போல நடக்கும். இப்படி ஐந்தாறு முறை விரிந்து சுருங்கிய கர்ப்பப்பை, பிள்ளை வெளியே வந்த பிறகு இறுகிச் சுருங்காது. இறுகாத கர்ப்பப்பையிலிருந்து இரத்தம் நிற்காது. நல்ல உடம்புக்காரி தாங்கிக்கொள்ளும் இரத்த இழப்பை இரத்தசோகைக்காரி தாங்க மாட்டாள். பிரசவ அறைக்கு அவள் வந்து சேரும்போது நாம் பார்ப்பது பத்து வருடமாகச் சேர்ந்த கணக்கு.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு நிலையத்துக்கு வருபவள் ஆறாவதுக்கு வருவதில்லை. உங்கள் கணக்கெடுப்புகளே இதைக் காட்டுகின்றன: பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட வீட்டுப் பிரசவமும் கூடுகிறது. "ஐந்து பெற்றவளுக்கு ஆறாவது என்ன பெரிய விஷயம்" என்று மாமியார் மட்டும் சொல்வதில்லை, அவளே சொல்கிறாள். அனுபவம் அவளுக்குத் தைரியம் கொடுத்திருக்கிறது. கர்ப்பப்பைக்கோ அனுபவம் களைப்பைத்தான் கொடுத்திருக்கிறது. போதாததற்கு, வீட்டில் ஐந்து பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? தூரத்துக் கிராமத்துக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கு நீங்கள் கட்டிய காத்திருப்பு இல்லங்கள் நல்ல யோசனைதான். அத்தாத் மருத்துவமனையில் 1970-களிலேயே அதைத் தொடங்கிக் காட்டியிருக்கிறார்கள். இரண்டு வாரம் அங்கே போய் உட்கார முடிகிறவள் பொறுப்புகள் குறைவாக உள்ள இளம்பெண். அதிகம் தேவைப்படுகிறவளால்தான் வர முடிவதில்லை. சின்னப் பிள்ளைகளோடு தாய் தங்குவதற்கு ஒரு அறையும், அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் இருந்தால் சிலராவது வருவார்கள். இது பெரிய செலவில்லை.

இப்போது அந்த இடைவெளி மாதங்களுக்கு வருவோம். உங்கள் கிராமச் சுகாதார நிலையங்களில் மரப்பெட்டி ஒன்று இருக்கும். மாதத்துக்கு ஒரு தடுப்பு வைத்து, அடுத்து யார் எந்த மாதம் வர வேண்டுமோ அவர்களுடைய அட்டையை அந்தத் தடுப்புக்குள் செருகி வைப்பார்கள். மாதம் முடியும்போது யாருடைய அட்டை இன்னும் அந்தத் தடுப்பிலேயே இருக்கிறதோ, அவர் வரவில்லை என்று அர்த்தம். வீடு தேடிப் போவார்கள். கம்ப்யூட்டர் இல்லாத இடத்துக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. மாணவர்களோடு களப்பணிக்குப் போனபோது நான் பார்த்த ஒரு நிலையத்தில், கர்ப்பிணிகளின் அட்டைகள் வரிசையாகத் தடுப்புகளில் இருந்தன. தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகளின் அட்டைகளும் இருந்தன. சமீபத்தில் பிரசவித்த தாய்மாரின் அட்டைகள் மட்டும் குடும்பக் கோப்புக்குள் திரும்பிப் போய் அலமாரியில் இருந்தன. எதற்காக என்று அங்கிருந்த பணியாளரிடம் கேட்டேன். "அவங்களுக்குத்தான் முடிஞ்சுடுச்சே" என்றார். அவர் மேல் தப்பில்லை. வொரேடா (வட்டார) அலுவலகம் அவரிடம் கேட்கும் மாதாந்தர அறிக்கையில் நான்கு முறை பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் எத்தனை, நிலையத்தில் நடந்த பிரசவங்கள் எத்தனை என்ற கேள்விகளுக்குத்தான் மரியாதை. கேட்காத எண்ணை யார் தேடுவார்கள்?

அதன் விளைவு தேசிய அளவிலும் தெரிகிறது. 2019-இல் 48 சதவீதப் பிரசவங்கள் நிலையத்தில் நடந்தும், இரண்டு நாளுக்குள் பரிசோதிக்கப்பட்ட தாய்மார் 34 சதவீதம்தான். நம் கூரைக்குக் கீழேயே பிள்ளை பெற்றவர்களில்கூட ஒரு பகுதியினரை யாரும் தொட்டுப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். இரத்தப்போக்கு கொல்வது பெரும்பாலும் முதல் நாளில். தொற்று கொல்வது அதற்கடுத்த நாட்களில். இரண்டையும் இங்கே தவறவிடுகிறோம். கூடவே மூன்றாவதாக ஒன்றையும் தவறவிடுகிறோம்: அடுத்த பிள்ளை எப்போது என்று அந்தப் பெண்ணிடம் கேட்பதை.

மாதவிலக்கு திரும்பும்வரை கரு தங்காது என்பது உங்கள் கிராமங்களில் பலரின் நம்பிக்கை. உலகமெங்கும் இருக்கும் நம்பிக்கைதான் அது. கருமுட்டை முதல் விலக்குக்கு முன்பே வெளியாகிவிடலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் வராமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருந்தால் நூற்றுக்கு 98 பேருக்குப் பாதுகாப்பு உண்டு. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பாதுகாப்பு போச்சு. பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் நாட்டிலோ 2016 கணக்கெடுப்பின்படி, முதல் பிள்ளையை விட்டுவிட்டுப் பார்த்தால், பிறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் முந்தைய பிறப்பிலிருந்து 24 மாதத்துக்குள்ளேயே நடந்திருக்கின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். உங்கள் பெண்கள் அதிகம் விரும்புவது மூன்று மாதத்துக்கொரு முறை போடும் கருத்தடை ஊசி. 2016-இல் திருமணமானவர்களில் 36 சதவீதத்தினர் ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஊசிக்காரர்கள். ஆனால் பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு வாரம் அந்த ஊசியைப் பொதுவாகப் போடுவதில்லை. ஆக, பிரசவத்துக்கு வந்தவளிடம் "ஆறு வாரம் கழித்து வா" என்று சொல்லி அனுப்புகிறோம். ஆறு வாரம் கழித்து அவள் வருவாளா? ஆர்த்தடாக்ஸ் குடும்பமாக இருந்தால் ஆண் குழந்தைக்கு நாற்பதாம் நாள், பெண் குழந்தைக்கு எண்பதாம் நாள் ஞானஸ்நானம். அதுவரை வீட்டை விட்டு அதிகம் வெளியே போக மாட்டாள். அப்புறம் அறுவடை வரும், சந்தை வரும், மழைக்காலத்தில் பாதையே இருக்காது. கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டியும் அப்படியில்லை. குச்சியைப் பாலூட்டும் தாய்க்கும் பிரசவமான உடனேயே வைக்கலாம். காப்பர் டியை நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள் அதே மேசையிலேயே வைக்கலாம். மூன்று வருடமோ அதற்கு மேலோ கவலையில்லை.

வலி எடுத்துப் படுத்திருப்பவளிடம் சம்மதம் கேட்பது சம்மதமாகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டிய நேரம் கர்ப்பகாலப் பரிசோதனை. ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ நிதானமாக, முடிந்தால் கணவனையும் வைத்துக்கொண்டு பேசி, அவள் சொன்னதை அட்டையில் எழுதி வைத்தால், பிரசவ நாளில் "அன்றைக்குச் சொன்னது இன்னும் அப்படித்தானா?" என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். எந்த நிலையத்துக்கும் இத்தனை குச்சி வைத்தே தீர வேண்டும் என்று இலக்கு கொடுக்காதீர்கள். இலக்கு வந்தால் வற்புறுத்தல் வரும். வற்புறுத்தல் வந்தால், இத்தனை வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த நம்பிக்கை ஒரே மாதத்தில் போய்விடும்.

நம்பிக்கை என்றதும் இன்னொன்று. குச்சி வைக்க 2009-லிருந்து கிராமப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். எடுப்பதற்கோ பெரிய நிலையத்துக்குப் போகச் சொன்னீர்கள். வைப்பது பக்கத்து வீட்டில், எடுப்பது அரை நாள் நடையில் என்றால் ஊர் என்ன பேசும்? "போனால் வராது, உள்ளேயே ஓடிப்போய்விடும்" என்று வதந்தி கிளம்பாமல் இருக்குமா? வைத்த இடத்திலேயே, அவள் கேட்ட அன்றைக்கே எடுத்துக் கொடுக்க முடிந்தால், புதிதாக வைத்துக்கொள்ள வருபவர்களும் கூடுவார்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்களைப் பற்றி. ஊசி ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் பெண்கள் மழுப்பாமல் சொல்லும் ஒரு காரணம், அது கண்ணுக்குத் தெரியாது என்பது. தேதி எழுதிய அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எத்தனை பிள்ளை, எப்போது பிள்ளை, ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா வேண்டாமா என்பதையெல்லாம் தீர்மானிக்கிற ஆளிடம் உங்கள் திட்டம் பேசவே இல்லை. பகலில் பெண் பணியாளர் வீட்டுக்கு வரும்போது அவன் வயலில் இருப்பான். மாலையில் அவன் இருக்கும் இடம் வேறு. இதிர் சங்கக் கூட்டத்தில் மாதத்துக்கொரு முறை ஊர் ஆண்கள் ஒன்றாக உட்காருகிறார்கள். சாவுச் செலவுக்குச் சந்தா கட்டும் சங்கம் அது. சாவுக்குப் பணம் சேர்க்கும் இடத்தில் பிரசவச் சாவைப் பற்றிப் பேசுவது பொருத்தமில்லாத காரியமா என்ன? ஆண் செவிலியர் ஒருவரை அங்கே அனுப்புங்கள்.

சோமாலி, அஃபார் பிராந்தியங்களுக்கு இதே பேச்சு எடுபடாது. 2016-இல் தேசிய அளவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.6 பிள்ளைகள்; சோமாலியில் 7.2. அடிஸ் அபாபாவில் 1.8. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு தூரம். கால்நடையோடு இடம்பெயரும் குடும்பத்துக்கு நிலையான கட்டடமும் மரப்பெட்டியும் உதவாது. அங்கே குறைவாகப் பெறுங்கள் என்று ஆரம்பித்தால் பேச்சு அதோடு முடிந்தது. குழந்தைக்கு இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிக் குர்ஆனில் இருப்பதை மார்க்க அறிஞர்கள் வாயால் சொல்ல வைத்து, இடைவெளியிலிருந்து தொடங்கினால் கேட்பார்கள். எண்ணிக்கையைப் பற்றி அவர்களாகக் கேட்கும்வரை நாம் வாய் திறக்க வேண்டாம்.

அப்புறம், முதல் கர்ப்பம். திருமண வயது 18 என்று 2000-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் 2016-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்புப் பதிவு செய்யப்பட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்று அப்பா சொன்னால், இல்லை என்று நிரூபிக்க யார் கையில் என்ன காகிதம் இருக்கிறது? ஆள் வளர்ந்திருக்கிறாளா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். இன்று நிலையத்தில் பிறக்கும் ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் வீட்டுக்குப் போவதற்கு முன்பே பிறப்புப் பதிவு நடக்க வேண்டும். பதினைந்து வருடம் கழித்து அது அவளுக்கு உதவும். இது நீதித்துறை வேலை, சுகாதாரத் துறை வேலையில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குழந்தை பிறந்தது உங்கள் கட்டடத்தில்.

ஏற்கெனவே திருமணமாகிவிட்ட சிறுமிகளுக்கு என்ன வழி? அம்ஹாராவைப் பாருங்கள். மிகச் சிறு வயதிலேயே கட்டிக்கொடுக்கும் பகுதி என்று பெயரெடுத்த இடம். ஆனால் 2016-இல் 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது கர்ப்பமானவர்கள் அங்கே 8 சதவீதம்தான். தேசிய அளவு 13. அங்கே கருத்தடைப் பயன்பாடு நாட்டின் சராசரியைவிடக் கூடுதல் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறுவயதுத் திருமணத்தை எதிர்த்துப் போராடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது முடியும்வரை, கல்யாணத்தையும் முதல் பிள்ளையையும் பிரித்து வைக்க முடியும் என்கிறேன். அதற்கு முதல் தடை சில சமயம் நிலையத்திலேயே இருக்கிறது: "இன்னும் ஒரு பிள்ளைகூடப் பெறவில்லை, உனக்கு எதற்கு இது, பிறகு பிள்ளையே பிறக்காது" என்று நம் ஆட்களே திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு பாடவேளை ஒதுக்கி இதைத் திருத்தலாம். கருக்கலைப்புச் சட்டத்தை 2005-இல் நீங்கள் தளர்த்தியதையும், பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அதில் இடம் இருப்பதையும் எல்லாப் பணியாளர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாது.

கடைசியாகப் பணம். உங்கள் கருத்தடைப் பொருள்களில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவியில் வந்தவை. 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. திக்ரேயில் 2020-லிருந்து 2022 வரை நடந்த போர், கட்டிய நிலையங்கள் எவ்வளவு சீக்கிரம் இல்லாமல் போகும் என்பதை ஏற்கெனவே காட்டியிருந்தது. உரத்துக்கும் சாலைக்கும் சொந்த பட்ஜெட்டில் தலைப்பு இருப்பதுபோல் ஊசிக்கும் குச்சிக்கும் ஒரு தலைப்பு வேண்டும். முதல் வருடம் சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. மருந்து அலமாரி காலியாக இருக்கும் நாளில் இடைவெளி விடச் சொல்லி அறிவுரை சொல்வதற்கு எங்கள் மாணவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

இத்தனையையும் ஒரே வருடத்தில் செய்யச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் இந்த வருடமே செய்யலாம். குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் பெண்டாவேலண்ட் ஊசி (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) போட வேண்டும். தாய் வருகிறாளோ, வீட்டுக்குப் போய்ப் போடுகிறீர்களோ, அந்த நாளில் தாயும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். வொரேடா மாதாந்தர அறிக்கையில் ஒரு வரி சேருங்கள்: இந்த மாதம் ஊசி போட்ட குழந்தைகளில் எத்தனை பேரின் தாயிடம் அவள் உடல்நிலையைப் பற்றியும் அடுத்த பிள்ளையைப் பற்றியும் பேசினோம்? அவள் என்ன முடிவெடுத்தாள் என்ற கேள்வி அதில் வேண்டாம். பேசினோமா என்பது மட்டும் போதும். அந்த வரி வந்தால் தாயின் அட்டை அலமாரியிலிருந்து பெட்டிக்குத் திரும்பும்.

முதலில் இரண்டு மூன்று வொரேடாக்களில் பார்க்கலாம் என்றால் பிராந்தியத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பயிற்சிக் குறிப்புகளை எழுதித் தர நான் தயார். ஊதியம் வேண்டாம். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள் சிலரும் கேட்டால் வருவார்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் நாட்டில் பாடம் நடத்திய ஒரு தமிழ் ஆசிரியை